வார்ப்படத்தில் விரிசல், வயிற்றில் கல்: ஸ்கேன் கருவியில் ஒலி செய்யும் வேலை

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் கணபதியிலிருந்து ஒரு தம்பதியர் எங்கள் ஸ்கேன் பிரிவுக்கு வந்தனர். கணவர் வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து வருபவர். மனைவிக்கு வலப்புற விலாவுக்குக் கீழே மூன்று நாட்களாக வலி. உணவு உண்டபின் அது கூடுகிறது. நண்பகலில் முழுச் சாப்பாடும், நான்கு மணிக்கு வடையும் தேநீரும் முடித்துவிட்டு வந்திருந்தார். வலியின் கடுமை கருதி அப்போதே பரிசோதித்தோம். அறிக்கையின் இரண்டு வரிகள் அவர்களை நிம்மதியிழக்கச் செய்தன. பித்தப்பை சுருங்கியிருப்பதால் தெளிவாக மதிப்பிட இயலவில்லை என்பது ஒரு வரி. குடல் வாயுவின் காரணமாகக் கணையம் புலப்படவில்லை என்பது மற்றொன்று. மறுநாள் காலை வெறும் வயிற்றுடன் வருமாறு கூறினோம்.

கணவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபமே; இன்னொரு நாள் விடுப்பு, இன்னொரு நாள் சம்பளம். "கணையம் தெரியலைன்னு எழுதியிருக்கறீங்க. அப்படீன்னா அது கெட்டுப் போச்சுங்களா, இல்ல, இல்லவே இல்லீங்களா?" என்று கேட்டார். பிறகு மேசைமீதிருந்த ஜெல் புட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க டாக்டர், நாங்க காஸ்டிங் மேல ஆயில் தடவி, புரோப் வெச்சு விரிசல் பாக்கறமுங்களே, இதும் அதேதானுங்களா?" என்றார்.

அதேதான். அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினால், ஸ்கேன் அறையில் நோயாளிகளும் உடன் வருவோரும் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். ஆகவே இந்த இதழில் மீயொலி எனப்படும் அல்ட்ராசவுண்டின் இயற்பியலைச் சற்று விரிவாக விளக்க முற்படுகிறோம்.

கிணற்றுக்குள் ஒரு குரல்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பாறையைக் குடைந்து வெட்டிய ஆழ்கிணறுகளை நம்மில் பலர் அறிவோம். சிறு வயதில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக் கூவாதவர் குறைவு. நீர்மட்டம் அறுபது அடியில் இருந்தால், நம் குரல் கீழே சென்று நீரில் பட்டுத் திரும்பி வர, ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எதிரொலி வர எடுத்துக்கொண்ட நேரம் தெரிந்தால், கயிறு விட்டுப் பார்க்காமலேயே நீர்மட்டத்தின் ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

ஸ்கேன் கருவி செய்வது இந்தக் கணக்கைத்தான். ஒலியை உள்ளே அனுப்புகிறது, எதிரொலிக்காகக் காத்திருக்கிறது, காத்திருந்த நேரத்தைத் தொலைவாக மாற்றுகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி காற்றில் செல்வதைவிட மிக வேகமாகச் செல்லும். சராசரியாக நொடிக்கு 1,540 மீட்டர் என்று எல்லாக் கருவிகளும் எடுத்துக்கொள்கின்றன. அதன்படி ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப 13 மைக்ரோ நொடி ஆகும். அதாவது ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 13 கூறு. எதிரொலி 130 மைக்ரோ நொடி கழித்து வந்தால், அது 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது என்று கருவி முடிவு செய்து, திரையில் அந்த இடத்தில் ஒரு புள்ளியை வைக்கிறது. எதிரொலி வலுவாக இருந்தால் புள்ளி வெண்மை, மெலிந்திருந்தால் சாம்பல், எதுவும் வராவிட்டால் கருமை.

இப்படி ஒரு கோட்டை வரைந்தபின் பக்கத்துக் கோடு, பிறகு அதற்கடுத்த கோடு. 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பார்க்கும் ஒரு கோட்டுக்கு 195 மைக்ரோ நொடி. இவ்வாறு 128 கோடுகள் சேர்ந்தால் ஒரு முழுப் படம். அதற்கு ஆகும் நேரம் நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான். எனவேதான் திரையில் குழந்தை கையசைப்பதும் இதய வால்வு திறந்து மூடுவதும் திரைப்படம் போலத் தெரிகின்றன.

நம் குரலையே ஏன் பயன்படுத்தக் கூடாது என்ற ஐயம் எழலாம். ஒலி என்பது அழுத்தமும் தளர்வும் மாறி மாறிச் செல்லும் அலை. ஓர் அழுத்தத்துக்கும் அடுத்த அழுத்தத்துக்கும் இடையிலுள்ள தூரமே அலைநீளம். நொடிக்கு 1,000 முறை அதிரும் சாதாரண ஒலிக்கு, உடலுக்குள் அலைநீளம் ஒன்றரை மீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய அலை ஒரு பித்தக் கல்லைப் பொருட்படுத்தவே செய்யாது. குளத்து அலை ஒரு நாணல் தண்டைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் கடந்துவிடும். சிறிய பொருளைக் காணச் சிறிய அலை வேண்டும். மனிதச் செவிக்கு எட்டும் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். நாங்கள் பயன்படுத்துவது 20 இலட்சம் முதல் ஒன்றரைக் கோடி வரை. 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வது வழக்கம். 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். கல்லும் கட்டியும் இதற்குத் தப்ப மாட்டா.

ஒலி அலை என்பது வெறும் கற்பனைக் கோடன்று, பொருளையே நெருக்கியும் விலக்கியும் செல்வது என்பதை அழகாகக் காட்டியவர்களுள் நம் தமிழ்நாட்டவர் ஒருவரும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபோது, நாகேந்திர நாத் என்பவருடன் சேர்ந்து 1935, 1936ஆம் ஆண்டுகளில் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். திரவத்தினூடே மீயொலி செல்லும்போது, அதன் குறுக்கே பாய்ச்சப்படும் ஒளி ஏன் பல கீற்றுகளாகப் பிரிகிறது என்பதை அவை விளக்கின. திரவத்தில் அடர்வும் தளர்வும் வரிவரியாக அமைவதே காரணம். இராமன்-நாத் கோட்பாடு என்று அது இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. நோபெல் பரிசு பெற்றுத் தந்த ஒளிச்சிதறல் ஆய்வைப் பற்றிப் பேசும் நாம், அவருடைய இந்தப் பணியை அதிகம் நினைப்பதில்லை.

கொதிகலன் ஆலையிலிருந்து மகப்பேறு அறைக்கு

இத்தகைய ஒலியை உண்டாக்குவது ஒரு படிகம். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் பிரான்சில் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் விரிந்து சுருங்கும். ஆகவே ஒரே படிகம் பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். முதல் உலகப் போரின்போது 1917இல் பால் லாஞ்செவன் என்ற பிரெஞ்சு அறிஞர், குவார்ட்ஸ் படிகங்களைக் கொண்டு கடலுக்கடியிலுள்ள நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவியைச் செய்தார். உங்கள் வயிற்றின்மீது நாங்கள் நகர்த்தும் புரோபின் முனையில் இன்று அத்தகைய தனிமங்கள் நூற்றுக்கும் மேல் வரிசையாக அமைந்துள்ளன. அவை நேரத்தின் பெரும்பகுதியைக் கேட்பதிலேயே செலவிடுகின்றன. ஒலியெழுப்புவது நூறில் ஒரு பங்கு நேரமும் இராது.

கடலிலிருந்து ஒலி முதலில் போனது மருத்துவமனைக்கன்று, தொழிற்சாலைக்கு. உலோகத்தின் உள்ளே மறைந்திருக்கும் விரிசலையும் காற்றுப் பொள்ளலையும் உடைக்காமல் கண்டுபிடிக்க அது பயன்பட்டது. கோவையின் பம்பு, மோட்டார், வார்ப்படத் தொழில்களில் பணிபுரிவோருக்கு இது புதிய செய்தியாக இராது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். போர்க்காலத்தில் விமானப்படையில் பணியாற்றியதால் ரேடார், சோனார் பற்றி அறிந்தவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணியின் கணவர், அருகிலிருந்த ரென்ஃப்ரூ ஊரில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்னும் கொதிகலன் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். அந்த நிறுவனத்தில் உலோக விரிசல் காணும் மீயொலிக் கருவி இருப்பதை அறிந்த டொனால்டு, 1955 ஜூலையில், அறுவை செய்து அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த ஆலைக்கே சென்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஆலையினர் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தந்தனர். திண்மையான கட்டியும் நீர்க்கட்டியும் எதிரொலியில் வெவ்வேறாகத் தெரிந்தன. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மக்விகர் என்ற மருத்துவரும் உடன் உழைத்தனர். தொடக்கத்தில் சக மருத்துவர்களிடையே ஏளனம் இருந்தது. அதை மாற்றியது ஒரு நோயாளியின் வயிறு. இரைப்பையில் முற்றிய புற்றுநோய், வயிறு முழுவதும் நீர், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணியை டொனால்டு குழுவினர் மீயொலி கொண்டு பார்த்தனர். வயிறெங்கும் பரவிய நீர் தருவது போன்ற எதிரொலி வரவில்லை. தெளிவான சுவருடைய ஒரு பெரிய நீர்க்கட்டியே தெரிந்தது. சினைப்பையிலிருந்து வளர்ந்த அக்கட்டியை அகற்றினர். அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7ஆம் நாள் லான்செட் இதழில் மூவரும் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கக் கட்டுரைகளுள் முதன்மையானதாகக் கருதப்படுகிறது. நீர்க்கட்டியா, திண்மக் கட்டியா என்று பிரித்தறியும் அந்த வேலையை எங்கள் பிரிவு இன்றும் நாள்தோறும் செய்துவருகிறது.

எண்ணெயும் ஜெல்லும், வாயுவும்

இனி அந்தத் தரப் பரிசோதகரின் கேள்விக்கு வருவோம். வார்ப்படத்தின்மீது ஏன் எண்ணெய் தடவ வேண்டும்? வயிற்றின்மீது ஏன் ஜெல் தடவ வேண்டும்?

ஒவ்வொரு பொருளும் ஒலிக்கு ஓரளவு தடை தருகிறது. அந்தத் தடை, பொருளின் அடர்த்தியையும் அதனுள் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஒலி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் எல்லையில், இரண்டின் தடையும் ஒத்திருந்தால் ஏறத்தாழ முழுவதும் உள்ளே போகும். மாறுபட்டிருந்தால் மாறுபாட்டுக்கு ஏற்பத் திரும்பும். கொழுப்புக்கும் தசைக்கும் இடையிலான எல்லையில் திரும்புவது நூறில் ஒரு பங்கு அளவே. மீதி தொடர்ந்து உள்ளே செல்வதால் அடுத்த உறுப்பையும் காண முடிகிறது. எலும்பின் மேற்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு திரும்பிவிடும். எஞ்சியதையும் எலும்பே பெரிதும் விழுங்கிவிடும். காற்றைச் சந்தித்தாலோ ஆயிரத்தில் 999 பங்குக்கும் மேல் திரும்பிவிடும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

புரோபுக்கும் தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே போதும். ஒலி உடலுக்குள் நுழையாது. அந்தப் படலத்தை அகற்றவே ஜெல். அதில் மருந்து ஏதும் இல்லை; பெரும்பகுதி நீர்தான். துடைத்துவிட்டால் போய்விடும். குளிரூட்டிய அறையில் அது சில்லென்று இருப்பதற்காக வருந்துகிறோம்.

தோலுக்கு வெளியே உள்ள காற்றை ஜெல் விலக்கிவிடும். குடலுக்குள் உள்ள காற்றை விலக்க எதுவும் இல்லை. கணையமோ இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் உறுப்பு. முன்னால் வாயு நிறைந்திருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். 'கணையம் புலப்படவில்லை' என்ற வரியின் பொருள் இவ்வளவுதான்: மேகம் மறைத்திருப்பதால் வெள்ளியங்கிரி மலை தெரியவில்லை. மலை இருக்கிறதா, எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் கூறவில்லை. நலமாக இருக்கிறது என்றும் கூறவில்லை என்பதைச் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஐயம் வலுவாக இருந்தால் மீண்டும் ஸ்கேன் செய்வோம், அல்லது சி.டி. பரிசோதனைக்குப் பரிந்துரைப்போம். 'புலப்படவில்லை' என்பதை 'நார்மல்' என்று படித்துக்கொண்டு வீட்டுக்குச் செல்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை.

வெறும் வயிறு, நிறைந்த சிறுநீர்ப்பை

பித்தப்பை ஒரு சிறு சுருக்குப் பை. உணவு, அதிலும் எண்ணெயும் நெய்யும் கலந்த உணவு, குடலை எட்டியதும் அது சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். சுருங்கிய பையில் கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று சொல்வது கடினம். 6 முதல் 8 மணி நேரம் உணவின்றி இருந்தால் பை நிறைந்து விரியும், வாயுவும் குறையும். பால், தேநீர், காபி ஆகியவையும் இந்தக் கணக்கில் உணவே. 'ஒரு வாய் காபிதானுங்க' என்று சொல்வோரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. ஆனால் அந்த ஒரு வாய் காபியால் பலருக்கு ஒரு நாள் வீணாகியிருக்கிறது. சிறிதளவு தண்ணீரும் வழக்கமான இரத்த அழுத்த மாத்திரையும் பொதுவாகத் தடையில்லை. நீரிழிவு உள்ளவர்கள் காலையில் முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். பட்டினியாக இருக்கும்போது இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடிவயிற்று ஸ்கேனுக்கு இதற்கு நேர்மாறாக, நான்கைந்து தம்ளர் நீர் அருந்தி, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்கிறோம். நிறைந்த சிறுநீர்ப்பை வாயுவுள்ள குடலை மேலே தள்ளிவிடும். அதிலுள்ள நீர் ஒலியைத் தடையின்றிக் கடத்தி, பின்னாலுள்ள கருப்பையையும் சினைப்பையையும் காணச் சாளரம் போல் உதவும். உட்புறமாகச் செய்யும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். எது உங்களுக்கு என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருமையும் நிழலும்

திரையைத் தலையைச் சாய்த்துப் பார்க்கும் உறவினர்கள் 'அங்கே கறுப்பாக இருக்கிறதே' என்று அஞ்சுவது வழக்கம். கருமை பெரும்பாலும் திரவம். சிறுநீர், பித்தநீர், இரத்தம், பனிக்குட நீர் ஆகியவற்றில் ஒலி மோதித் திரும்ப எல்லை ஏதும் இல்லாததால் எதிரொலி வருவதில்லை. திரவத்தில் ஒலி தேய்வதும் குறைவு. எனவே நீர்க்கட்டிக்குப் பின்னாலுள்ள பகுதி சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். கல்லுக்கு இதற்கு எதிர்மாறு. கல்லின் முகம் வெள்ளைப் பிறை போல ஒளிரும். பின்னால் ஒலி செல்லாததால் கரிய நிழல் நீளும். நடுப்பகலில் தென்னை மரத்தடியில் விழும் நிழலைப் போல, அந்த நிழல் எங்களுக்குக் கல் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

கொழுப்புப் படிந்த கல்லீரல் நுண்ணிய எதிரொலிகளை மிகுதியாக எழுப்புவதால் பக்கத்துச் சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தெரியும். ஒலியும் விரைவில் தேய்ந்துவிடும். இந்தத் தேய்வு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 15 சென்டிமீட்டர் ஆழம் சென்று திரும்பும்போது, திசுக்கள் விழுங்கியது போக அதன் வலிமையில் இலட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. அதைக் கேட்டு, பெருக்கி, படமாக்குவதுதான் கருவியின் திறமை. அதிர்வெண் கூடக் கூடத் தேய்வும் கூடும். எனவே தைராய்டு, மார்பகம் போன்ற மேலோட்டமான உறுப்புகளுக்கு 10 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும். கல்லீரல், சிறுநீரகத்துக்குக் குறைந்த அதிர்வெண். பருமனான உடலுக்கு இன்னும் குறைவு. ஆழம் வேண்டுமென்றால் நுணுக்கத்தைச் சற்று இழக்க வேண்டும். இதில் கருவியின் விலை ஓரளவுதான் உதவும்.

பேருந்து ஊதலும் இரத்த ஓட்டமும்

அவிநாசி சாலையோரம் நிற்கும்போது, ஊதலை அழுத்தியவாறே வரும் பேருந்து நம்மைக் கடந்த நொடியில் அதன் ஒலி தாழ்ந்துவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கும் பொருளின் ஒலி உயர்ந்தும், விலகும் பொருளின் ஒலி தாழ்ந்தும் கேட்கும் என்று ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் கூறினார். இரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தத்தை 4 மெகாஹெர்ட்ஸ் ஒலியால் 60 பாகைச் சாய்வில் பார்த்தால், அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் வேறுபாடு ஏறத்தாழ 1,300 ஹெர்ட்ஸ். இது நம் செவிக்கு எட்டும் ஒலி என்பது ஒரு நல்ல தற்செயல். டாப்ளர் பரிசோதனையில் ஒலிபெருக்கி வழியே நீங்கள் கேட்கும் 'உஷ், உஷ்' என்னும் ஓசை இந்த வேறுபாடுதான். இரத்தம் எழுப்பும் ஓசையன்று.

திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்பதைக் குறிப்பவை அல்ல. புரோபை நோக்கி வரும் ஓட்டம் ஒரு நிறம், விலகிச் செல்லும் ஓட்டம் மற்றொரு நிறம். புரோபைத் திருப்பிப் பிடித்தால் அதே நாளம் நிறம் மாறிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்வோரின் கையிலுள்ள ஃபிஸ்டுலாவில் ஓட்டம் குறைகிறதா, காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்திருக்கிறதா, கருவிலுள்ள குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியே போதிய இரத்தம் செல்கிறதா என்பவற்றை இந்த முறையால் அறிகிறோம்.

இது கதிர்வீச்சா?

எக்ஸ்ரே, சி.டி. அறைகளுக்கு அருகிலேயே எங்கள் அறையும் இருப்பதால் எழும் ஐயம் இது. மீயொலி அசைவினால் ஆன அலை; எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஒரே நாளில் இரண்டு முறை செய்தாலும் கதிர் உடலில் சேர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எனினும் ஒலியும் ஓர் ஆற்றலே. திசுவை மிகச் சிறிதளவு வெப்பமாக்கும். பரிசோதனை அளவுகளில் இதனால் தீங்கு நேர்வதாக நிறுவப்படவில்லை. ஆயினும் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது இத்துறையின் ஒழுங்கு. கருவின் முதல் மூன்று மாதங்களில் டாப்ளர் ஒலியை இயன்றவரை தவிர்க்கிறோம். 'குழந்தை முகத்தை இன்னும் கொஞ்சம் காட்டுங்க' என்ற ஆசையை முழுவதும் நிறைவேற்ற எங்களால் இயலாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாயிலில் உள்ள பலகை

கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற பலகையை எல்லோரும் பார்க்கிறீர்கள். இதைக் கடந்து பேசுவது கடினம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண்கள் இருந்தனர். சேலம் மாவட்டத்தில் 851 பேர் மட்டுமே. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும் அதே சேலத்தில்தான். நாங்கள் பெருமையுடன் விளக்கிவரும் இந்தக் கருவி, வந்த சில ஆண்டுகளிலேயே அந்தக் கொலையைக் கருவறைக்குள் கொண்டுசென்றது. 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பாலினத்தைச் சொல்லும் மருத்துவர் மட்டுமல்லாமல், சொல்லும்படி கேட்கும் உறவினரும் சிறைத் தண்டனைக்கு உரியவர். கர்ப்பிணியிடம் கையொப்பம் வாங்கும் படிவம் அந்தச் சட்டத்தின் பகுதி. ஒவ்வொரு முறையும் அதை நிரப்ப ஆகும் நேரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். சாடையாகக் கேட்டாலும், சிரித்துக்கொண்டே கேட்டாலும் விடை கிடையாது. 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யும் ஸ்கேனில் இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம் என்று பார்க்க வேண்டியவை ஏராளம். அவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

கணபதித் தம்பதியர் மறுநாள் காலை ஏழரை மணிக்கே வந்துவிட்டனர். அம்மையார் முந்தைய இரவு எட்டு மணிக்குப் பின் எதுவும் உண்ணவில்லை. கணவரையும் திரைக்கு அருகில் நிற்கச் சொன்னோம். வாயு குறைந்திருந்தது, இரண்டு தம்ளர் நீர் அருந்தவைத்து, இடப்புறம் சாய்த்துப் பார்த்ததில் கணையம் முழுவதும் தெரிந்தது. அதில் கோளாறு இல்லை. பித்தப்பை இம்முறை நன்கு விரிந்திருந்தது. அதன் கழுத்தருகே ஒரு வெள்ளைப் பிறை, அதற்குப் பின்னால் கரிய பட்டை.

நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் திரையைச் சுட்டினார். "அந்த எடத்துக்குப் பின்னால எக்கோ வரலைங்க. அங்க ஏதோ இருக்குதுங்க" என்றார். 9 மில்லிமீட்டர் கல் இருந்தது. அன்றே அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க அனுப்பிவைத்தோம்.